எதிர்த்த அந்த ஒருவர்

அத்தியாயம் 9

டுலூத் நகரத்தில் அந்த வாரம் ஒரு மனிதருக்கு எல்லாமே இலவசம். அவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

கால்வாய் ஓரத்து மதுக்கடை வாசலில் பலகை வைத்திருந்தார்கள்: 'அந்த ஒருவருக்கு இங்கே பில் கிடையாது.' லூத்தரன் தேவாலயத்தின் ஞாயிறு பிரார்த்தனையில் அவருக்கு ஒரு வரி கிடைத்தது. முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் உள்ளூர் வானொலியில் அவரைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

காரணம், பத்திரிகையில் வந்த ஒரு செய்தி. கெட்டில்சன் கம்பெனியின் போர்டு, டுலூத் தொழிற்சாலையை மூடிவிட்டு, தெற்கே பனியையே பார்க்காத அலபாமாவுக்குப் போக முடிவு செய்துவிட்டது. போர்டில் ஐந்து பேர். நாலு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்த்தவர் யார் என்று பத்திரிகை சொல்லவில்லை.

செய்தி வந்த மறுநாள், நிறையப் பங்குகள் வைத்திருக்கும் ஆசிரியர் ஓய்வூதிய நிதி அறிக்கை விட்டது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த நாலு பேருக்கும் எதிராக வாக்களிப்போம், எதிர்த்தவரை மட்டும் மறுபடி தேர்ந்தெடுப்போம் என்றது. நாலு பேர் யார், ஒருவர் யார் என்று அதற்கும் தெரியாது.

கெட்டில்சன் செய்வது பனிக்கலப்பை. லாரிக்கு முன்னால் மாட்டிச் சாலையில் பனியைத் தள்ளுவது.

"அலபாமால பனிக்கலப்பை," என்றான் ஓரன். "அடுத்தது அரிசோனா பாலைவனத்துல துடுப்புப் படகு."

ஓரன் பெலாஞ்சர், துப்பறியும் ஐலா ரின்னேயின் உதவியாளன். காரை ஓட்டுவதும் கதவைத் தட்டுவதும் அவன் வேலை. பேசுவது சம்பளத்தில் சேராது. ஐலா முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோன கராஜ்களைப் பற்றிப் பொய் சொல்கிறவர்களோடு பாதி ஆயுள் பழகியவள். அதனால் அதிகம் பேசமாட்டாள்.

கெட்டில்சன் போர்டின் தலைவர் வெண்டெல் ஸ்ட்ரான்ட், கூட்ட அறையில் அவர்களுக்காகக் காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது. மேஜை நடுவில் ஒரு தட்டு. அதில் எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு. யாரோ அதைப் பாதியாக வெட்டி, இன்னொருவர் அந்தப் பாதியையும் பாதியாக்கி, இப்போது விரல் நகம் அளவு மிச்சம் இருந்தது. டுலூத்தில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள்.

"போர்டு ரகசியம் கசிஞ்சிருக்கு," என்றார் ஸ்ட்ரான்ட். "எங்க விதிப்படி, கசியவிட்டவங்க போர்டுல இருக்க முடியாது. இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்."

"பத்திரிகைல வந்தது உண்மையா?" என்றாள் ஐலா.

"அறைக்குள்ள நடந்ததை நான் சொல்ல முடியாது. நீங்க ஒவ்வொருத்தரையும் தனியா பாருங்க. எப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு நேராவே கேளுங்க. சொன்னா சொல்லட்டும்."

"வக்கீல் கம்பெனியைக் கூப்பிடலையா?"

"அவங்க எல்லாரோட போனையும் வாங்கிப் பாப்பாங்க. யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க."

ஓரன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன் சார். எங்க அக்கா டார்லா உங்க பெயிண்ட் ஷாப்புல வேலை பாக்கறா. அவ வீட்டுக்கே கம்பெனி தர்ற மருத்துவக் காப்பீடுதான். பையனுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி. நான் நடுநிலைன்னு சொல்லிக்க முடியாது."

"டீன் டில்லகியும் நானும் முப்பது வருஷமா உறைஞ்ச ஏரிமேல ஒரே கூடாரத்துல உக்காந்து மீன் பிடிக்கிறோம்," என்றார் ஸ்ட்ரான்ட். "அவர்தான் எங்க சுயேச்சை உறுப்பினர், யார் பக்கமும் சாயாதவர். நீங்களும் இருக்கலாம்."

*

முதலில் மார்கிட் ஆஸ். பள்ளி மாவட்டத்தின் முன்னாள் கண்காணிப்பாளர். கர்லிங் என்ற பனி விளையாட்டின் மைதானத்தில், பனித்தரையில் வழுக்கிப் போகும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தோடு குனிந்திருந்தார். போர்டில் கேள்வி கேட்கிறவர் இவர் ஒருவர்தான் என்று ஊரில் பேச்சு. அதனால் கசியவிட்டவரும் இவர்தான் என்று போர்டில் பேச்சு.

"நான் கசியவிடலை," என்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். சுற்றும் பார்த்தார். "ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்த ஒருத்தர் நான்தான்."

ஓரன் தொப்பியைக் கழற்றினான். "அம்மா, எங்க அக்கா சார்புல ஒரு கும்பிடு."

"எப்படி எதிர்த்தீங்க?" என்றாள் ஐலா. "கை தூக்கினீங்களா?"

"எங்க போர்டுல கை தூக்கற வழக்கம் இல்ல. வெண்டெல் தீர்மானத்தைப் படிப்பார். 'எதிர்ப்பு உண்டா?'ன்னு கேப்பார். யாரும் பேசலைன்னா நிறைவேறிடும். அவ்வளவுதான்."

"நீங்க என்ன பேசினீங்க?"

மார்கிட் ஒரு கல் முழு நீளமும் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசாம இருந்தேன்."

"பேசாம."

"என்னைத் தெரிஞ்சவங்களுக்கு என் மௌனம் என்னன்னு தெரியும்."

ஓரன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான்.

கிளம்பும்போது மார்கிட் பின்னாலேயே வந்தார். "வேற யாராவது, அது தான்தான்னு சொன்னாங்களா?"

"நீங்கதான் முதல்," என்றாள் ஐலா.

*

டீன் புரூஸ் டில்லகி வணிகக் கல்லூரியின் தலைவர். கம்பெனி நிர்வாகத்தில் அறம் என்று ஒரு பாடம் எடுக்கிறார். ஆறு கம்பெனிகளின் போர்டில் இருக்கிறார். எந்தக் கம்பெனி பற்றி வந்திருக்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்டார்.

"கெட்டில்சன்," என்றான் ஓரன் இரண்டாம் முறையும். "கலப்பை."

"கலப்பை. ஆமா." டீன் கதவைச் சாத்தினார். "இதை வெளியே சொல்லக் கூடாது. எதிர்த்தது நான்."

"எப்படி?" என்றாள் ஐலா.

"ஒரு கவலையைப் பதிவு செஞ்சேன்."

"என்ன கவலை?"

"மூடறோம்னு வெளியிடற அறிக்கைல 'கனத்த இதயத்தோடு'ன்னு போடணுமா, 'மிகக் கனத்த இதயத்தோடு'ன்னு போடணுமான்னு கேட்டேன்."

அறையில் சூடேற்றும் குழாய் ஒருமுறை டக்கென்று சத்தம் போட்டது.

"அதுதான் எதிர்ப்பா?" என்றான் ஓரன்.

"தம்பி, நீங்க போர்டுல இருந்ததில்ல. எங்க பாஷைல அது ரொம்பக் கடுமையான வார்த்தை." டீன் குரலைத் தாழ்த்தினார். "வேற யாராவது இப்படிச் சொன்னாங்களா?"

*

மூன்றாமவர் பிரெஸ்டன் காய்ல். முதலீட்டு நிதி நடத்துகிறவர். டுலூத்துக்குக் கோடையில் ஒரு முறை வருவார். மற்ற கூட்டங்களுக்கு அரிசோனாவிலிருந்து திரையில் வருவார். இப்போதும் திரையில்தான். அவருக்குப் பின்னால் ஒரு பனைமரமும் அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

ஓரன் மேல்கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றார் காய்ல். "நல்லா சத்தமாவே சொன்னேன்."

"யாருக்கும் கேட்டதா தெரியலையே," என்றாள் ஐலா.

"என் மைக் ஆஃப்ல இருந்தது."

"கூட்டம் முடிஞ்சப்புறம் அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"முடிஞ்சு போன விஷயத்தைக் கிளறறது நாகரிகமா இருக்காதுன்னு விட்டுட்டேன். இருந்தாலும் வாயசைவைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்." பனைமரம் அசைந்தது. "கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. வேற யாரும் இதே மாதிரி..."

ஓரன் திரையை மூடினான்.

"பாஸ், ஒரே ஒரு நாற்காலி. மூணு பேர் உக்காந்திருக்காங்க."

"இன்னும் ஒருத்தர் பாக்கி."

"அவர் எப்படி உக்காருவார்? மூடணும்னு தீர்மானம் கொண்டுவந்ததே அவர்தானே."

*

நிர்வாகத் தலைவர் ட்ராய் கெட்டில்சன் தொழிற்சாலையில் இருந்தார். கம்பெனியைத் தொடங்கியவரின் பேரன். போர்டிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. தாத்தாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, மேஜையில் இருந்த சின்னக் கலப்பை பொம்மையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மனசைத் திறந்து சொல்றேன்," என்றார். "அந்த ஒருத்தர் நான்."

ஓரன் நாலாவது விரலை மடக்கினான்.

"தீர்மானம் உங்களோடதுதானே?" என்றாள் ஐலா.

"நிர்வாகத் தலைவரா அதைக் கொண்டுவந்தேன். அது என் வேலை. செலவு, லாபம், வரி எல்லாம் பாக்கணும். ஆனா போர்டு உறுப்பினரா, ஒரு கெட்டில்சனா, நான் அதுக்கு எதிரி."

"நீங்க எதிர்த்தப்ப, உங்களுக்கு யார் பதில் சொன்னாங்க?"

"நிர்வாகத் தலைவர்."

"காரசாரமா இருந்ததா?" என்றான் ஓரன்.

"மனசுக்குள்ள," என்றார் ட்ராய், ஒரு சிரிப்பும் இல்லாமல். "கடைசில அவர் சொன்னதுதான் நியாயமா பட்டுது." பொம்மையைத் தாத்தா படத்துக்கு நேராக நிறுத்தினார். "வேற யாரும் உரிமை கொண்டாடலையே?"

வெளியே வரும் வழியில் டார்லா நின்றிருந்தாள். கையுறையில் ஆரஞ்சு பெயிண்ட். தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"டேய், யாருன்னு கண்டுபிடிச்சிட்டியா? நாங்க எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு விருந்து வைக்கலாம்னு இருக்கோம்."

"எத்தனை பேருக்குச் சமைக்கப்போறே?"

"ஒருத்தருக்குத்தானே?"

"கொஞ்சம் கூடவே பண்ணு," என்றான் ஓரன்.

அவள் சிரிக்கவில்லை. "பையனோட மருந்து அடுத்த மாசம் வரைக்கும்தான் வரும்டா. அதுக்கப்புறம் என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஓரன் காரைக் கிளப்பப் போனான்.

*

காரை ஏரிக்கரையில் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பாது.

"நாலு பேரும் பொய்," என்றான். "ஒருத்தர்கூட எதிர்க்கலை. ஒருத்தர் வாயை மூடிக்கிட்டார். ஒருத்தர் மைக்கை மூடிக்கிட்டார். ஒருத்தர் இதயத்தோட எடையை விசாரிச்சார். ஒருத்தர் தன்னையே எதிர்த்துத் தன்கிட்டயே தோத்தார். எப்படி தைரியமா சொல்றாங்க? நிஜமா எதிர்த்தவர் எழுந்து நின்னா மானம் போயிடாதா?"

"அவர் எழுந்து நிக்க முடியாது. போர்டு ரகசியம். அதனால நாற்காலி காலியா இருக்குன்னு நாலு பேரும் நினைக்கறாங்க. ஆனா உள்ளூர ஒரு பயம். வேற யாரோ பிறகு வெண்டெலுக்குப் போன் பண்ணி எதிர்ப்பைச் சொல்லியிருக்கலாம்னு. அதான் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டாங்க."

"சரி. அப்ப கசியவிட்டது யார்?"

ஐலா கார் ஜன்னல் கண்ணாடியைக் கையுறையால் துடைத்தாள். "கசிவுன்னா என்ன?"

"உள்ள இருக்கறது வெளிய வர்றது."

"நாலுக்கு ஒண்ணுங்கறது உள்ள இருந்ததா?"

ஓரன் யோசித்தான்.

"இல்ல," என்றான். "அஞ்சுக்குப் பூஜ்யம்தான் உள்ள இருந்தது. இது கசிவே இல்ல. கட்டுக்கதை."

"ஊருக்கு அது தெரியாது. அந்த நாலு பேருக்கும் நிச்சயமா தெரியாது. 'எதிர்ப்பு உண்டா?'ன்னு கேட்டு, பதில் வரலைன்னு அறிவிச்ச ஒருத்தருக்கு மட்டும் தெரியும். செய்தியைப் படிச்சதும் அவர் என்ன சொல்லியிருக்கணும்? 'பத்திரிகை பொய் எழுதியிருக்கு'ன்னு. காலைல நம்மகிட்ட என்ன சொன்னார்?"

"ரகசியம் கசிஞ்சிருக்குன்னார்."

"ஓட்டு."

"எதை?"

"காரை."

*

ஸ்ட்ரான்ட் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தார். பத்திரிகைக்குச் சொன்னது அவர்தானா என்று ஐலா கேட்டபோது மறுக்கவில்லை. அவருக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் தெரிந்தது.

"இந்த நாற்காலில உக்காந்து எத்தனையோ வருஷமா 'எதிர்ப்பு உண்டா?'ன்னு கேட்டிருக்கேன்," என்றார். "ஒரு தடவைகூட பதில் வந்ததில்ல. எல்லாம் நல்லவங்க. யாருக்கும் யாரையும் சங்கடப்படுத்த மனசு வராது. அன்னிக்கும் கேட்டேன். தட்டைப் பாத்தாங்க. அந்த மாதிரி ஒரு ஆள் இருந்தா ஊர் எப்படி நடத்தும்னு அவங்களுக்குக் காட்டணும்னு தோணுச்சு. அப்பவாவது ஒருத்தர் எழுந்து, 'நிறுத்துங்க, மறுபடி பேசலாம்'னு சொல்வாங்கன்னு நினைச்சேன்."

"நாலு பேரும் அது தான்தான்னு சொல்லிட்டாங்க," என்றாள் ஐலா.

ஸ்ட்ரான்ட் நிமிர்ந்தார். "ட்ராயுமா?"

"ட்ராயும்."

"எங்ககிட்ட ரகசியமா," என்றான் ஓரன். அவன் குரல் மாறியிருந்தது. "போர்டுல யாரும் வாயைத் திறக்கலை. நீங்களும் ஒரு ஓட்டு வெச்சிருக்கீங்கதானே? நீங்க ஏன் வேண்டாம்னு சொல்லலை? ஊருக்கெல்லாம் ஒரு வீரனைக் கற்பனை பண்ணிக் கொடுத்தீங்க. அந்த வேலையை நீங்களே செஞ்சிருக்கலாமே சார்."

"செஞ்சிருக்கலாம்," என்றார் ஸ்ட்ரான்ட். "நானும் தட்டைத்தான் பாத்தேன்."

தட்டைத் தள்ளி வைத்தார்.

"விதி எனக்கும் பொருந்தும்," என்றார். "கூட்டத்துல என் பேரைச் சொல்லுங்க. நான் போயிடறேன்."

"நீங்க போனா தொழிற்சாலையும் போயிடும்," என்றான் ஓரன்.

ஐலா கடிகாரத்தைப் பார்த்தாள். "என் அறிக்கைல ரெண்டு விஷயம் இருக்கு. எதை முதல்ல சொல்லணும்னு ஒப்பந்தத்துல இல்ல."

*

நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மார்கிட், டீன், ட்ராய். திரையில் காய்ல், பனைமரம். தட்டில் புதிய கேக்.

"விசாரணை அறிக்கை," என்றார் ஸ்ட்ரான்ட்.

ஐலா எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"உறுப்பினர்கள் நாலு பேரையும் பாத்தேன். மார்கிட் ஆஸ், தொழிற்சாலையை மூடறதை எதிர்த்ததா சொன்னாங்க."

மார்கிட்டின் கழுத்து சிவந்தது.

"டீன் டில்லகி எதிர்த்ததா சொன்னார். மிஸ்டர் காய்ல் எதிர்த்ததா சொன்னார். மிஸ்டர் கெட்டில்சன் எதிர்த்ததா சொன்னார்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரையில் காய்லின் உதடுகள் வேகமாக அசைந்தன. சத்தம் வரவில்லை.

"மைக்கு, சார்," என்றான் ஓரன்.

ட்ராய் எழுந்துவிட்டார். "அது ரகசியமா சொன்னது!"

"என்னை வேலைக்கு வெச்சது போர்டு. போர்டுகிட்ட நான் எதையும் மறைக்க முடியாது."

"அப்ப நம்ம பதிவுல ஒரு பெரிய தப்பு இருக்கு," என்றார் ஸ்ட்ரான்ட். "நாலு பேர் எதிர்த்த தீர்மானத்தை நான் நிறைவேறினதா அறிவிச்சிருக்கேன். அதை மறுபடி ஓட்டுக்கு விடறேன். டுலூத் தொழிற்சாலையை மூடுவது." அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "ஆதரவு உண்டா?"

ஓரனுக்கு அது உறைக்க ஒரு நொடி ஆனது. கேள்வியைத் திருப்பிவிட்டார்.

டீன் மேஜையின் மரவரிகளைப் படித்தார். காய்லின் மைக் இப்போது திறந்திருந்தது. அரிசோனாவில் ஒரு பறவை கத்துவது தெளிவாகக் கேட்டது. ட்ராயின் வலது கை மேஜையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது. மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். கை ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

"யாரும் இல்ல," என்றார் ஸ்ட்ரான்ட். "எனக்கும் ஆதரவு இல்ல. தீர்மானம் தோத்துது. தொழிற்சாலை இங்கேயே இருக்கும்."

ஓரன் சுவரோரம் நின்றபடி, கைபேசியில் அக்காவின் எண்ணைத் தேடினான்.

"அடுத்தது," என்றார் ஸ்ட்ரான்ட். "பத்திரிகைக்குச் சொன்னது நான். எதிர்த்தவர்னு யாரும் கிடையாது. நான் உண்டாக்கினது."

ட்ராய் கேக்கை விழுங்க முடியாமல் இருமினார். "அப்ப இது ஏமாத்து வேலை! அந்த ஓட்டு செல்லாது!"

"நீங்க எதிர்த்ததா சொன்னது பொய்யா, ட்ராய்? பொய்னா சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறேன். ஓய்வூதிய நிதிக்கும் தெரியப்படுத்தணும்."

ட்ராய் உட்கார்ந்தார்.

"விதிப்படி நான் விலகணும். தலைவர் வெண்டெல் ஸ்ட்ரான்ட்டோட ராஜினாமாவை ஏத்துக்கற தீர்மானம்." வழக்கமான குரல். எத்தனையோ வருடமாக இருந்த அதே குரல். "எதிர்ப்பு உண்டா?"

டீன் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருட மீன்பிடிப்பு அந்த மூடிய கண்ணுக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். திரையில் காய்ல் அசையவில்லை. ட்ராய் சட்டையில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டார். ஓரனும் தரையைத்தான் பார்த்தான்.

"உண்டு."

மார்கிட் ஆஸ் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார்.

"உண்டு. எனக்கு எதிர்ப்பு."

டீன் கண்ணைத் திறந்தார். ட்ராய் திரும்பினார். காய்ல் திரைக்கு அருகில் வந்து, பேசியது யார் என்று தேடினார்.

ஸ்ட்ரான்ட் மார்கிட்டை வெகுநேரம் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வர நேரமாயிற்று.

"ஏதாவது பேச விரும்பறீங்களா, மார்கிட்?"

"இல்ல. எதிர்ப்புன்னு எழுதிக்கோங்க. என் பேரையும் போடுங்க."

ஸ்ட்ரான்ட் தானே பேனாவை எடுத்து எழுதினார். எழுத்து ஒன்றைத் திருத்தினார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"மூணுக்கு ஒண்ணு," என்றார். "தீர்மானம் நிறைவேறியது."

எழுந்து, மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.